சுவராக இருந்த துணி

யாங்கோனின் நடுப்பகுதியில் வீடு தேடுகிறவர் அடிக்கடி கேட்கும் கணக்கு 12.5-க்கு 50. அகலம் 12.5 அடி, நீளம் 50 அடி. முன்னால் தெருவைப் பார்த்த பால்கனி, பின்கோடியில் சமையலறையும் குளியலறையும், இடையில் வெற்றுக்கூடம். ‘ஹால் டைப்’ என்று விளம்பரம் செய்வார்கள். அறை பிரித்துக்கொள்வது குடிவருகிறவர் பாடு. பணம் இருந்தால் ப்ளைவுட் அடிக்கலாம். இல்லையென்றால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கம்பி இழுத்துத் திரை தொங்கவிடலாம். ஜன்னல்கள் முன்னும் பின்னும் மட்டுமே இருக்கும் வீட்டில் பலகை காற்றை அடைத்துவிடும், திரை அடைக்காது. ஏப்ரல் மாத வெயிலில் இது சின்ன விஷயமல்ல.

இந்தக் குறுகலுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போரில் நகரைப் பிடித்த பிரிட்டிஷார், பொறியாளர் அலெக்ஸாண்டர் ஃப்ரேஸரின் திட்டப்படி ஆற்றங்கரையை ஒட்டிக் கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தார்கள். தெருமுகப்பு விலை உயர்ந்தது. அதனால் மனைகள் முகம் சிறுத்து உடல் நீண்டன. பிற்காலத்து அடுக்குமாடிகளும் அதே மனைமீது எழுந்தன. ரங்கூன் யாங்கோன் ஆன பிறகும் வீட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை.

வீட்டு அலங்காரம் பற்றி இன்று எழுதப்படுவதெல்லாம், சுவரில் எதை மாட்டலாம் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. பர்மாவில் அந்தக் கேள்வி பிந்தி வந்தது. அங்கே துணி, சுவரில் மாட்டப்படும் பொருளாவதற்கு முன்பு, தானே சுவராக இருந்தது. இதை விளங்கிக்கொள்ளாமல் பர்மிய நெசவையும் பூத்தையலையும் ‘அழகிய கைவினை’ என்று பாராட்டுவது எளிது. பாராட்டு தப்பில்லை, ஆனால் பொருளைப் பாதிதான் பார்த்ததாகும்.

ஷ்வே சீ டோ என்றும் கலகா என்றும் அழைக்கப்படும் பூத்தையல் திரையை எடுத்துக்கொள்வோம். கொன்பௌங் வம்சத்தின் கடைசிக் காலம், அதாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, இதன் உச்சம். மிண்டோன் மன்னர் 1857 முதல் கட்டியெழுப்பிய மண்டலே அரண்மனை முழுக்க மரத்தால் ஆனது: தூண்களும் கூரையும், நடுவில் பெரிய கூடங்களும். எங்கே மறைவு வேண்டுமோ அங்கே திரை. மடங்களில் திரை, பயணத்தில் தங்குமிடத்தைச் சுற்றித் திரை, மாட்டு வண்டிக்கு மூடுதிரை, உயர்ந்த துறவியின் சவப்பெட்டிக்குப் போர்வை. பல கெஜ நீளத்துக்கு ஓடும் இந்தத் திரைகளில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளும் ராமாயணக் காட்சிகளும் பட்டை பட்டையாக வரும். சிலவற்றில் காட்சிக்குக் கீழே விளக்க வரியும் தைக்கப்பட்டிருக்கும். மடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் அந்தத் திரையின் முன்னால் பொழுதைக் கழித்தார்; நின்று ரசித்துவிட்டு நகர்ந்துபோகும் பார்வையாளருக்காக அது செய்யப்படவில்லை.

தயாரிப்பு முறையும் அந்த அளவுக்கேற்பத்தான். கெட்டியான அடித்துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். யானை, இளவரசன், அன்னம் போன்ற உருவங்களைத் தனித்தனித் துணிகளில் வெட்டி மேலே வைத்து, உள்ளே பஞ்சு திணித்துப் புடைக்கச் செய்து தைப்பார்கள். ஓரங்களில் தடித்த ஜரிகையைக் கிடத்தி, மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துக் கட்டுவார்கள். ஜரிகை துணிக்குள் நுழையாது, மேலேயே படுத்திருக்கும். மிச்ச இடமெல்லாம் சமிக்கி, கண்ணாடிமணி. இந்தப் புடைப்பும் பளபளப்பும் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். எண்ணெய் விளக்கின் ஆடும் சுடரில் பார்க்கச் செய்யப்பட்டவை அவை. மின்விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு ‘ஜிகினா அதிகம்’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள், செய்தவர் கண்ட வெளிச்சத்தைக் காணாதவர்கள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கலையல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தேர்ச்சீலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சைத் துணிகளில் யாளியும் பூவும் வெட்டி ஒட்டித் தைத்த சீலை, தேரின் நான்கு மூலையிலும் உருளையாகத் தொங்கும் தொம்பை, மேலே விதானம். திருவிழா இல்லாத நாளில் தேரைப் பார்த்தால் தெரியும்: மேற்பகுதி வெறும் சட்டகம். துணி ஏறிய பிறகுதான் அதற்கு விமானத்தின் வடிவமே வருகிறது. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் எழுதப்படும் கலம்காரிச் சீலைகளும் கோயிலுக்கு விதானமாகவும் தொங்கலாகவும்தான் பிறந்தன. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு கரைகளிலும் துணிக்குக் கட்டடக்கலையில் ஒரு பங்கு இருந்தது. வேறுபாடு பின்னால் நடந்ததில் இருக்கிறது. தஞ்சைத் தையற்காரரிடம் சீலை கேட்டு வரும் கோயில் அப்படியே நின்றது. மண்டலே தையற்காரரிடம் திரை கேட்ட அரண்மனை நிற்கவில்லை.

1885 நவம்பரில், மிண்டோனுக்குப் பின் அரசாண்ட திபோ மன்னர் பிரிட்டிஷாரால் சிறைப்பிடிக்கப்பட்டார். (ரத்னகிரிக்கு அனுப்பப்படும் முன் அவரும் அரசியும் சில மாதங்கள் சென்னையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது நம் ஊர் வரலாற்றில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத செய்தி.) அரசவையை நம்பியிருந்த பட்டறைகளுக்குப் பெரிய வேலைகள் நின்றன. 1945 மார்ச்சில் அரண்மனையே எரிந்து சாம்பலானது. மிண்டோன் வாழ்ந்து இறந்த மாளிகையை மட்டும் திபோ முன்னமே பிரித்து வெளியே கொண்டுபோய் மடமாக்கியிருந்தார். ஷ்வேநந்தா மடம் என்ற பெயரில் அது பிழைத்தது. சிம்மாசனங்களில் ஒன்று கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருந்ததால் தப்பி, 1948இல் திரும்பி வந்து இப்போது யாங்கோன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரமும் தங்கமுமாவது இப்படி ஒன்றிரண்டு எஞ்சின. துணிக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. மழைக்காலம் அரை வருடம் நீளும் நாட்டில் பூஞ்சையும் பூச்சியும் எதையும் விட்டுவைப்பதில்லை.

ஷ்வே சீ டோ மீண்டும் புழக்கத்துக்கு வந்தது 1970களில், சுற்றுலாப் பயணிகளின் தேவையால். வந்தது பழைய உருவத்தில் அல்ல. பெட்டிக்குள் மடித்து வைக்கும் அளவுதான் பயணியின் அளவு. பல கெஜத் திரை, ஒற்றை யானை நிற்கும் சதுரமாகச் சுருங்கியது. பிறகு மெத்தை உறையாக, கைப்பையாக, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் குட்டி யானையாக. பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட் வந்தது, உலோகச் சமிக்கிக்குப் பதில் பிளாஸ்டிக். புதியதைப் பழையதாகத் தோற்றவைத்து விற்கும் வியாபாரமும் கூடவே வளர்ந்தது. யாங்கோனில் இவற்றைக் குவியலாகக் காணக்கூடிய இடம் போஜோக் ஆங் சான் சந்தை. 1926இல் கட்டப்பட்டபோது அதற்கு ஸ்காட் மார்க்கெட் என்று பெயர், அன்றைய நகராட்சி ஆணையர் கேவின் ஸ்காட்டின் நினைவாக. பர்மாவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட்டின் பெயர் என்று தவறாகச் சொல்கிறவர்களும் உண்டு. கல் பாவிய உள்தெருவின் இருபுறமும் பச்சைக்கல், மாணிக்கம், அரக்குப் பாத்திரம், பொம்மலாட்டப் பாவை, அவற்றினூடே இந்தச் சமிக்கி யானைகள்.

சின்னதாகிவிட்டதே என்று நான் வருந்தவில்லை. வாங்குகிறவர் வீட்டுச் சுவருக்குத் தக்கபடி செய்து விற்பதில் குற்றம் என்ன இருக்கிறது? இழப்பு வேறிடத்தில். கதையைப் பட்டையாக ஓடவிடத் தெரிந்த கைக்கு, ஒற்றை உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதே வேலையானது. எந்தக் காட்சிக்கு அடுத்து எது, அரசனை எவ்வளவு பெரிதாக வைப்பது, கூட்டத்தை எங்கே அடைப்பது என்பதெல்லாம் பெரிய துணியில்தான் பழக முடிகிற அறிவு. மெத்தை உறையில் அதற்கு இடமில்லை.

துணி வங்காள விரிகுடாவைக் கடந்த கதை அரண்மனையைவிடப் பழையது. வெனிஸ் வணிகர் சீஸர் ஃப்ரெடரிக், பர்மிய மன்னர் பயின்னௌங் காலத்தில், 1569ஐ ஒட்டி, அவர் தலைநகரான பெகுவில் இருந்தவர். சாந்தோமிலிருந்து பெகுவுக்குப் போகும் கப்பலின் சரக்கைப் பற்றி எழுதும்போது, ஒருவகை வேரில் சாயம் தோய்த்த, நிறம் மங்காத சிவப்புப் பருத்தி நூலைக் குறிப்பிடுகிறார். அந்த வேர் நம்முடைய சாயவேர்தான். இம்பூரல் என்றும் சொல்வார்கள். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளைந்த வேரின் சிவப்பு, பெகுவின் தறிகளில் பர்மியத் துணியாக மாறியது. முடிந்த துணியை மட்டும் நாம் விற்றோம் என்ற நினைப்பு முழு உண்மையல்ல. அவர்கள் நெசவுக்கான நூலையும் நிறத்தையும் விற்றோம். வாங்கியவர் தன் விருப்பப்படி நெய்துகொண்டார்.

பிரிட்டிஷ் காலத்தில் ஆட்களும் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் சுமார் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்: தெலுங்கர், தமிழர், வங்காளிகள், வட இந்தியர். கொன்சேடான் தெருவின் காளி கோயில் 1871இல் தமிழர் கட்டியது. மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள். 1929-30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த குழு, நாடெங்கும் 1,650 செட்டியார் கடைகள், சுமார் 75 கோடி ரூபாய் முதல் என்று மதிப்பிட்டது. இந்தப் பணத்தின் ஒரு பகுதி காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளாக எழுந்ததை எல்லோரும் அறிவோம். முகப்புத் தூணுக்கும் வளவுத் தூணுக்கும் பர்மாத் தேக்கு. கதவு, நிலை, உத்தரம் எல்லாம் அதிலேயே.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. மரமும் துணியுமாக வாழ்ந்த நாட்டிலிருந்து செட்டிநாட்டுக்கு மரம் வந்தது, துணித்திரை வரவில்லை. தேவைப்படவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுச் சுவரே பளபளக்கும் அலங்காரம். அதன்மேல் ரவி வர்மா அச்சுப்படமும் பெல்ஜியம் கண்ணாடியும் குடும்பப் படமும் போதும். அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பூட்டு. பர்மாவிலிருந்து கூடவே வந்தது அரக்குப் பாத்திரம். மூங்கில் பிளாச்சையோ குதிரைமுடியையோ பின்னிக் கூடாக்கி, தித்ஸி மரத்துப் பாலைப் பூசி, நிலத்தடி அறையில் உலரவைத்து, மறுபடியும் பூசி, கடைசியில் கீறி வண்ணம் நிரப்புவது பாகான் முறை. அங்கே 1924இல் அரசு அரக்குத்தொழிற் பள்ளியும் தொடங்கப்பட்டது. இந்த அடுக்குப் பெட்டிகள் செட்டிநாட்டுச் சீர்வரிசைச் சாமான்களில் சேர்ந்து, பெட்டக அறைகளில் பல தலைமுறை இருந்தன. இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூசியோடு அடுக்கியிருக்கின்றன. அவற்றை வாங்கி வரவேற்பறை மூலையில் வைப்பது சென்னை, பெங்களூர் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் அதே வழியில் உணவகங்களுக்கும் தோட்ட வீடுகளுக்கும் போகின்றன. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் மரக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்தது. 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. பழைய பர்மாத் தேக்குக்குக் கிராக்கி கூட இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

யாங்கோனுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு சாதாரண பௌத்தர் வீட்டுக்குள் நுழைந்தால் அலங்காரம் என்று நாம் எதிர்பார்ப்பது குறைவாகவே இருக்கும். தலைக்கு மேல் உயரத்தில் புத்தர் மாடம், பூச்சாடியில் தபியே இலைக்கொத்து. சில வீடுகளில் தூணிலோ உயரமான மூலையிலோ ஒரு தேங்காய் தொங்கும். அதன் தலையில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். வீட்டைக் காக்கும் நாட் தெய்வமான மின் மஹாகிரிக்கு உரியது அது. தகௌங் நகரத்துக் கொல்லன் மௌங் டின் டே, அவன் வலிமையைக் கண்டு அஞ்சிய அரசனால் சண்பக மரத்தில் கட்டி எரிக்கப்பட்டான் என்பது கதை. தீக்காயத்தைக் குளிர்விக்கத் தேங்காய்த் தண்ணீர், தலைப்பாகைக்குச் சிவப்புத் துணி. தண்ணீர் வற்றினால் தேங்காயை மாற்ற வேண்டும். ஒரு முழம் துணிதான், ஆனால் வீட்டில் வேறெதைக் கழற்றினாலும் அதைக் கழற்றமாட்டார்கள்.

துணிக்கு இப்படி வேலையும் விதியும் இருப்பதை யாங்கோனின் ஷ்வேடகோன் கோயிலிலும் பார்க்கலாம். நவம்பரையொட்டி வரும் தஸௌங்மோன் பௌர்ணமிக்கு முதல் இரவு, கோயில் தளத்தில் தறிகள் இறங்கும். பெண்கள் அணி அணியாக அமர்ந்து இரவு முழுக்கப் போட்டிபோட்டுக் காவியாடை நெய்வார்கள். விடிவதற்குள் முடித்துப் புத்தர் சிலைகளுக்குச் சாத்த வேண்டும். மதோ திங்கான் என்பது அந்த ஆடையின் பெயர். மறுநாள் வரை வைத்திருந்தால் அதற்கு மதிப்பில்லை.

இதன் மறுபக்கம் தமெய்ன், அதாவது பெண்கள் அணியும் லோஞ்சி. உலர்த்தும்போது அதை ஆண்கள் தலைக்கு மேல் வரும்படி கட்டக்கூடாது; அதன்கீழே நடந்தால் ஆணின் ‘ஹ்பௌன்’, அவனுக்கே உரிய மகிமை, குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. குறுகலான பால்கனியில் எந்தத் துணி மேல்கம்பியில், எது கீழ்க்கம்பியில் என்பது இந்த நம்பிக்கையால் தீர்மானமாகும். 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, மார்ச் மாதம், யாங்கோனின் சான்சௌங் முதலிய பகுதிகளில் பெண்கள் இதையே ஆயுதமாக்கினார்கள். தெருவின் இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் கயிறு கட்டி, வரிசையாகத் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். சிப்பாய்கள் கயிற்றை அறுத்து இறக்கிய பிறகே தெருவுக்குள் போக வேண்டியிருந்தது. அந்த அவகாசம் உள்ளே இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. மார்ச் 8, பெண்கள் தினத்தன்று தமெய்னைக் கொடியாகவே பிடித்தார்கள். துணி சுவராக நின்றதற்கு மண்டலே அரண்மனையைவிடத் தெளிவான சான்று வேண்டுமானால் இதைத்தான் காட்ட வேண்டும். எந்தக் கைவினைப் பட்டறையும் செய்து தராத சுவர் அது, அன்றாடம் உடுத்திய துணியில் எழுந்தது.

கவிழ்ப்புக்கு முந்தைய பத்தாண்டில் நகரம் வேறொரு மயக்கத்தில் இருந்தது. 2012இல் வரலாற்றாசிரியர் தான்ட் மியின்ட்-ஊ யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளையைத் தொடங்கினார். நகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் 189 கட்டடங்கள் 1990களிலேயே இடம்பெற்றிருந்தன, ஆனால் பட்டியலுக்கு வெளியே இருந்தவை வேகமாக இடிந்துகொண்டிருந்தன. பன்சோடான் தெருவில் 1906இல் கட்டப்பட்ட சோஃபேர் மாளிகையின் தரைஓடு மான்செஸ்டரிலிருந்தும், இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்தும் வந்தவை. அங்கேதான் லோகநாத் ஓவியக்கூடம் 1971 முதல் இயங்கியது. 1947 ஜூலை 19 அன்று விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்ட செக்ரடேரியட் கட்டடம் புதுப்பிக்கப்பட்டுக் கடைகளும் கூடங்களுமாகத் திறக்கப்பட்டது. பூச்சு உதிர்ந்த செங்கலை அப்படியே விட்ட காப்பிக் கடைகள், பிரம்பு விளக்குக்கூடு, அரக்குத் தட்டு, லோஞ்சித் துணியில் தைத்த மெத்தை, கண்ணாடிச் சட்டத்துக்குள் சின் மலை மக்களின் நெசவு என்று ஒரு புதிய யாங்கோன் பாணி உருவானது.

அந்தப் பாணி கண்ணுக்கு இதமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெசவாளர்களுக்குக் கூலியும் கொடுத்தது. ஆனால் சட்டத்துக்குள் போன சின் போர்வை, இடுப்புத்தறியில் நெய்யப்பட்டுத் திருமணத்திலும் சாவிலும் உடலைச் சுற்றியது. அதைக் கண்ணாடிக்குள் இறுக்கியவுடன் வடிவக்கோலம் தெரிகிறது, மடிப்பும் கனமும் போகின்றன. மறுபக்கமும் துணிக்கு ஒரு முகம் என்பதை நெய்தவர் அறிவார், சட்டம் அடித்தவர் அறிய வாய்ப்பில்லை. இன்லே ஏரியின் தாமரைநூல் துணிக்கும் ஏறத்தாழ இதுவே நடந்தது. தண்டை ஒடித்து இழுத்தால் வரும் இழைகளைச் சேர்த்து உருட்டி நூலாக்கும் இந்த முறை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியாய்ங்கான் கிராமத்துப் பெண்ணொருவர் மடத்துத் தலைமைத் துறவிக்கு ஆடை நெய்து கொடுத்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 2010 வாக்கில் இத்தாலியின் லோரோ பியானா நிறுவனம் அதில் மேலங்கி தைத்து விற்றது. துறவிக்கென்று தொடங்கிய துணி யாங்கோன் கடைகளில் மேஜைவிரிப்பாகவும் கழுத்துத்துண்டாகவும் கிடைத்தது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

2020 பெருந்தொற்று, அடுத்த ஆண்டின் கவிழ்ப்பு, அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர் என்று அடுத்தடுத்து வந்ததில் அந்த வாடிக்கையாளர் கூட்டம் கலைந்தது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவிலான நிலநடுக்கம் மண்டலே, சகாய்ங், அமரபுரப் பகுதிகளைக் குலைத்தது. யாங்கோன் கடைகளுக்கு வரும் பட்டிலும் பூத்தையலிலும் பெரும்பங்கு அந்த வட்டாரத்துச் சரக்கு. அச்செய்க் எனும் அலைக்கோலப் பட்டு, நூறு நாடா என்ற பொருளில் லுண்டயா என்று சிறப்பிக்கப்படுவது, அமரபுரத்தின் தறிகளில்தான் வளர்ந்தது. 1914இல் அங்கே நிறுவப்பட்ட சாண்டர்ஸ் நெசவுப் பள்ளியில் நாடெங்குமிருந்தும் நெசவாளர்கள் பயின்றார்கள்.

இத்தனைக்கும் நடுவே சமிக்கியும் ஜரிகையும் தைக்கிற கைகளுக்கு வேலை அறவே இல்லாமல் போகவில்லை. பர்மியக் குடும்பத்தில் சிறுவனுக்குத் துறவு கொடுக்கும் ஷின்பியு சடங்கின்போது, அவன் துறக்கப்போகும் சித்தார்த்த இளவரசனாக உடுத்தி ஊர்வலம் போக வேண்டும். தோள்பட்டையிலிருந்து இடைக்கச்சை வரை பூத்தையல். இரவெல்லாம் நடக்கும் ஸாத் நாடகத்தின் கதாநாயகனுக்கும், பொம்மலாட்டப் பாவைக்கும், சௌக்செ திருவிழாவில் இரண்டு பேர் உள்ளே நின்று ஆடும் மூங்கில் யானைக்கும் அதே தையல்தான். இவற்றை யாரும் வீட்டுச் சுவருக்கென்று வாங்குவதில்லை. சமிக்கி பிளாஸ்டிக்கானாலும், வெல்வெட் மட்டரகமானாலும், சிறுவனின் உயரத்துக்கு அளவெடுத்து, குறித்த நாளுக்குள் தைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. யாங்கோனில் அலங்காரத் திரை வாங்க விரும்பும் தமிழ்ப் பயணி, பயணிகளுக்கான யானைகளைப் பார்ப்பதோடு நிற்காமல், இந்த ஆடைகளைத் தைக்கிறவரைத் தேடிப் போய்க் கேட்டால், விலையும் குறையும், கதைப்பட்டை தைக்கத் தெரிந்த கையும் ஒருவேளை அகப்படும்.